மூச்சை விடுங்கோ பிள்ளை: கடற்கொள்ளையர் உடுப்பும் எங்கள் உடம்பும்

தை பிறந்தால் எங்கள் தையற்கடையில் மெசின் ஓயாது. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி தொடங்கும் காலம் அது. அணிநடைக்கு ஓர் உடுப்பு, இல்லச் சோடனைக்குத் தோதாக இன்னோர் உடுப்பு, முன்பள்ளிச் சின்னஞ்சிறுசுகளுக்கு வினோத உடை. இந்த வருசம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் இல்லம் கப்பல் கட்டியது. தடியும் தகரமும் கறுப்புத் துணியும் வைத்து, பாய் ஏற்றி, நல்ல வடிவான கப்பல். அதற்கு முன்னால் 12 பிள்ளைகள் கடற்கொள்ளையராக நிற்க வேண்டும்.

உடுப்பை இணையத்தில் வாங்கியிருந்தார்கள். பொதியில் வந்த 12 உம் ஒரே அளவு. மற்றவர்களுக்கு எப்படியோ ஏறிவிட்டது. 13 வயதுப் பிள்ளை ஒருத்திக்கு ஏறவில்லை. "நீ பின்னால நிண்டு கொடியைப் பிடி" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளையைத்தான் தாய் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்.

நான் தைக்கத் தொடங்கி 22 வருசம். நாடா இடுப்பைச் சுற்றும்போது ஒருவர் தன் உடம்பை என்ன செய்கிறார் என்பது என் கைகளுக்குத் தெரியும். நாடா பட்டதும் அவள் வயிற்றை உள்ளே இழுத்தாள். தோள் இரண்டும் மேலே ஏறின. கழுத்து நரம்பு தெரிந்தது. மூச்சு அப்படியே நின்றது. "மூச்சை விடுங்கோ பிள்ளை, அன்ரி காத்திருக்கிறன்" என்றேன். விடவில்லை. பக்கத்தில் நின்ற தாய், "கொஞ்சம் இறுக்கியே தையுங்கோ அக்கா. அப்பவாவது சாப்பாட்டைக் குறைப்பாள்" என்றார்.

அந்தத் தாயில் எனக்குக் கோபம் இல்லை. நாலு பேர் பிள்ளையை ஏதும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவரே முதலில் சொல்லிவிடுகிறார். ஆனால் இறுக்கித் தைத்த சட்டை யாரையும் மெலிய வைத்ததை இத்தனை வருசத்தில் நான் கண்டதில்லை. நான் கண்டது வேறு. இலாஸ்டிக் பதிந்து கறுத்த இடுப்பு, கமக்கட்டில் உரசிச் சிவந்த தோல், விளையாட்டுப் பாடத்துக்குக் கள்ளம் சொல்லி வகுப்பிலேயே இருந்துவிடுகிற பிள்ளை, சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போக மாட்டேன் என்று அழுகிற பிள்ளை.

எங்கள் ஊரில் கன நாளைக்குப் பிறகு ஒருவரைக் கண்டால் சுகம் கேட்க முதல் உடம்பைத்தான் சொல்லுவோம். கலியாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற இடத்திலேயே "என்ன, நல்லா மொத்திட்டீர்" என்று தொடங்கிவிடும். மெலிந்தவருக்கு, "என்ன வருத்தமே, வத்திப் போனீர்." பாசத்தில்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் சீலைக்குச் சட்டை தைக்க வருகிற 40 வயதுப் பெண், "கையை மறைச்சுத் தையுங்கோ, 14 வயசில பெரியம்மா ஒருக்காச் சொன்னவா" என்று அந்தச் சொல்லை அட்சரம் பிசகாமல் சொல்கிறார். பெரியம்மா காலமாகிப் பல வருசம். சொல் இன்னும் அவரோடு இருக்கிறது.

நானும் பிழை விட்டிருக்கிறேன். கடை தொடங்கிய காலத்தில் நான் அளக்க, உதவிக்கு நின்ற பிள்ளை எழுதுவாள். "மார்பு 42, இடுப்பு 40" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்லுவேன். ஒருநாள் வாங்கில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை, அளவு கொடுத்துக்கொண்டிருந்த பெண் கண்ணாடியில் பார்த்துவிட்டார். தைத்த சட்டையை எடுக்கத் தம்பியை அனுப்பினார். அவர் பிறகு வரவில்லை. அன்றிலிருந்து அளவை நானே கொப்பியில் எழுதுகிறேன், வாயால் சொல்வதில்லை. தையற்கடை வைத்திருக்கிற எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்கிற முதல் காரியம் இதுதான்.

பிள்ளைக்குப் புதிதாகத் தைப்பதென்று முடிவானதும், உண்மையான கடற்கொள்ளையர் என்ன உடுத்தார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். 1600களின் பிற்பாதியிலிருந்து 1720கள் வரை கரீபியன் கடலிலும் எங்கள் இந்து சமுத்திரத்திலும் திரிந்தவர்களில் பெரும்பாலானோர் சாதாரண மாலுமிகளின் உடுப்பைத்தான் போட்டார்கள். பாய்மரத்தில் ஏற வேண்டும், கயிறு இழுக்க வேண்டும். இறுக்கமாகப் போட்டால் வேலை நடக்காது. அந்தக் காலத்துச் சேட்டின் வெட்டைப் பார்த்தால் தையல் தெரிந்தவர்களுக்கு ஆசை வரும். முழுவதும் சதுரமும் நீள்சதுரமும்தான், துணி வீணாகாது. உடம்புக்கு ஒரு நீள்சதுரம், கைகளுக்கு இரண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் சுருக்கு வைத்துப் பட்டி. கை தாராளமாக உயரக் கமக்கட்டில் ஒரு சின்னச் சதுரம். இடுப்பு எவ்வளவு என்று அந்த வெட்டு கேட்பதே இல்லை.

இந்த உடுப்புக்கும் எங்களுக்கும் பழைய தொடுப்பும் உண்டு. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658 இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். போனவர்கள் சொற்களை விட்டுப் போனார்கள். காலுக்குக் களிசான், பாதத்துக்குச் சப்பாத்து, தலையில் கட்ட லேஞ்சி, எல்லாம் கழற்றி வைக்க அலுமாரி. அம்மம்மா வாயில் கேட்ட சொற்களாலேயே ஒரு மாலுமியைத் தலை முதல் கால் வரை உடுத்திவிடலாம்.

1720 இல் யமேக்காவில் ஆன் பொனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்களைக் கடற்கொள்ளைக்காக விசாரித்தார்கள். அவர்கள் ஆண்களின் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு, தலையில் லேஞ்சி கட்டியிருந்ததாக, கொள்ளையைக் கண்ட ஒரு பெண் சாட்சி சொன்னார். இதைச் சொன்னபோதுதான் பிள்ளை முதல்முறை நிமிர்ந்து பார்த்தாள். "அவையள் பொம்பிளையளோ அன்ரி?" பொதியில் பெண் பிள்ளைகளுக்கு வந்த உடுப்பு வயிற்றை நெரிக்கிற பட்டியும் குட்டைப் பாவாடையுமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாய்மரத்தில் ஏற முடியாது. படங்களில் நாங்கள் காண்கிற கடற்கொள்ளையர் கோலத்தில் பாதி பின்னாளில் வந்தது. 1911 இல் காலமான ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்த இடுப்புக்கச்சையும் தலைக்கட்டும் தோடும்தான் பிறகு சினிமாவுக்குப் போயின. 1981 இல் விவியன் வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேய உடுப்பு வடிவமைப்பாளர் லண்டனில் இந்தக் கோலத்தையே நாகரிக உடுப்பாக்கிக் காட்டினார். பழைய உடுப்புகளின் வெட்டை ஆராய்ந்து, ஆணும் பெண்ணும் போடக்கூடிய தளர்ந்த சேட்டுகளாகத் தைத்தார்.

அதே வாரம் அந்த இல்லத்துப் பொடியன் ஒருவனும் வந்தான். 17 வயது, நெடுவல். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் ஈர்க்கு. பொதியில் வந்த உடுப்பு அவனுக்குத் தொளதொளவென்று இருக்க, முதுகில் ஆறு ஊசி குத்தி விட்டிருந்தார்கள். அளவெடுக்க மேற்சேட்டைக் கழற்றினால் உள்ளே இரண்டு ரீசேட். மத்தியான வெயிலில், ஒன்றின் மேல் ஒன்று. உடம்பு கொஞ்சம் தெரியட்டும் என்று தினமும் அப்படித்தான் போடுகிறானாம். பெண் பிள்ளைகளின் கவலையையாவது யாரும் காது கொடுத்துக் கேட்பார்கள். பொடியன்களின் கவலையைக் கேட்க ஆள் இல்லை.

இரண்டு பேருக்கும் ஒரே அகலத்தில் துணி வெட்டினேன். பருத்தி வொயில், வெயிலுக்கு ஒட்டாது. அவனுக்குச் சுருக்கு நெருக்கமாக, அவளுக்குச் சுருக்கு ஐதாக. கை நீளமும் கழுத்துப் பட்டியும் மட்டும் வேறு. மேலே தொடை வரை நீண்ட, முன்பக்கம் பூட்டாத வெயிஸ்கோட். பின்பக்கம் துளை வைத்துக் கயிறு கோத்துவிட்டேன், அடுத்த வருசம் உடம்பு மாறினாலும் கயிறு இடம் கொடுக்கும். தையலின் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டேன். கச்சையை எந்த இடத்தில் கட்டினால் வசதி என்பதை அவர்களிடமே விட்டேன். சப்பாத்துக்கு மேலே ரெக்சினில் உறை, முழங்கால் வரை வரும் சப்பாத்து இந்த வெயிலுக்கு ஆகாது. ஒற்றைக்கண் மூடி வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், ஓடும் பிள்ளைகள் விழுந்துவிடும்.

"இது என்னை மெலிவாக் காட்டுமோ?" என்று பிள்ளை கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான். நான் பதில் சொல்லாமல், கையைத் தூக்கச் சொன்னேன், குந்தச் சொன்னேன், கதிரையில் இருந்து எழும்பச் சொன்னேன். எங்கும் இழுக்கவில்லை. உடுப்புச் சரியா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை அதுதான். போட்டியன்று தாய் படம் அனுப்பினார். முன்வரிசையில், அட்டை வாளோடு, காற்றில் கை புடைத்து நிற்கிறாள். நான் முதலில் பார்த்தது தோள்களை. கீழே இறங்கியிருந்தன.

கடை உடுப்பின் காலரில் இருக்கிற சைஸ் துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1939, 1940 இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். 1958 இல் அதை வைத்துப் பெண்கள் உடுப்புக்கு ஓர் அளவுத் தரநிலையை வெளியிட்டார்கள். 1983 இல் அதையும் கைவிட்டார்கள். அங்கேயே பெண்களை ஒரு வாய்பாட்டுக்குள் அடக்க முடியவில்லை. ஒரு கம்பனியின் மீடியம் இன்னொரு கம்பனியில் லார்ஜ். காலரில் இருக்கிற எழுத்துக்காக அழுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சீலையிலும் சாரத்திலும் சைஸ் துண்டு இருந்ததில்லை, அம்மம்மாவும் பேத்தியும் ஒரே சீலையை உடுத்தார்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டியது. என் அளவுக் கொப்பியில் சில நேரம், வளர்கிற வயதுப் பிள்ளையின் இடுப்பு இரண்டு மாதத்தில் மூன்று அங்குலம் குறைந்திருக்கும். தலைமுடி கொட்டும், சாப்பாட்டுப் பெட்டி திறக்காமல் வீட்டுக்கு வரும், சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போகும், மாதவிடாய் நிற்கும். அப்போது "நல்லா மெலிஞ்சிட்டாய்" என்று புகழாதீர்கள். தாயைத் தனியே கூப்பிட்டு வைத்தியரிடம் காட்டச் சொல்லுவேன். யாழ் போதனா வைத்தியசாலையில் உளநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைத்தும் கதைக்கலாம். சட்டென்று உடம்பு வைப்பதற்கும் தைரோயிட் போன்ற காரணங்கள் இருக்கலாம். அதையும் வைத்தியர் பார்க்கட்டும், கலியாண வீட்டில் பார்க்க வேண்டாம்.

அடுத்த தைக்கு உடுப்புத் தைக்க இருக்கிற ஆசிரியர்களும் பெற்றோரும் மூன்று கிழமைக்கு முன்பே துணியைக் கொண்டு வாருங்கள். அளவைத் துண்டில் எழுதி அனுப்ப வேண்டாம், பிள்ளையைக் கூட்டி வாருங்கள். அன்று போடப்போகிற சப்பாத்தோடு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு.