லூப்: சுழல்துணுக்கு, மண்டலித்தல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் உறுமி மேளக் குழு வைத்திருக்கும் பிள்ளைகள் பலர் இப்போது மடிக்கணினியிலும் கை வைக்கிறார்கள். திருவிழாவில் அடித்ததைப் பதிந்து, ஒரு சுற்றை மட்டும் வெட்டி எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட, "இத லூப் போடுடா" என்பார்கள். பேச்சுக்கு அது போதும். தமிழில் எழுதிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் என்ன சொல் இருக்கிறது?

'லூப்' ஆங்கிலத்தில் நெடுநாளாக இருக்கும் சொல். கயிற்றையோ துணியையோ மடித்தால் விழும் காது போன்ற வளைவுக்கு அந்தப் பெயர். ஐரிஷ் மொழியில் வளைவைக் குறிக்கும் 'லூப்' என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. ஒலிக்கு இது வந்தது காந்த நாடாவால். நாடாவின் ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வட்டமாக ஓடவிட்டால் அதே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். அதற்கும் முன்பே, 1948இல், பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியர் ஷஃபேர் இசைத்தட்டின் பள்ளத்தை வட்டமாக மூடி இதையே செய்துகாட்டினார்.

நாடாவை நேராக வெட்டமாட்டார்கள். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், கோடு போடுகிற மாதிரி சாய்வாக வெட்டி ஒட்டுவார்கள். அப்போதுதான் ஒட்டு, கருவியில் நாடாவைப் படிக்கும் முனையைச் சட்டென்று தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடக்கும். 'டக்' என்ற சத்தம் வராது.

சரி, தமிழுக்கு வருவோம். அகராதிகள் தரும் 'வளையம்' உருவத்தைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்லவில்லை. 'கண்ணி' நல்ல சொல்தான். ஆனால் பாட்டில் ஏற்கனவே ஈரடிக்குக் கண்ணி என்று பெயர், குழப்பும். 'ஆவர்த்தனம்' தாளத்தின் ஒரு முழுச் சுற்று. துணுக்கின் நீளத்தைச் சொல்ல அது பொருந்தும், துணுக்கையே குறிக்காது. நான் 'சுழல்துணுக்கு' என்று எழுதுகிறேன். முனைகளைப் பொருத்தும் வேலைக்கு நம் யாப்பிலேயே சொல் இருக்கிறது. அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகும். கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தையே வந்து தொட்டால் அதை 'மண்டலித்தல்' என்பார்கள். லூப் செய்கிறவர் செய்வது அதுதான். இதைவிடச் சரியான சொல் எனக்குத் தெரியவில்லை.

மண்டலிக்க முதலில் நீளம் சரியாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஆறு தட்டுக்கு 3 விநாடி. விநாடிக்கு 44,100 அளவுகள் எடுக்கும் பதிவில் அது 1,32,300 அளவுகள். பத்து மில்லி விநாடி குறைத்து வெட்டினால் முதல் சுற்றில் யாருக்கும் தெரியாது. முப்பதாவது சுற்று முடியும்போது கூட ஓடும் தாளத்தைவிட அரைத் தட்டுக்கும் மேல் முந்திப் போயிருக்கும்.

அடுத்தது முனை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் அலை நடுக்கோட்டின் மேலும் கீழும் போய்வருவது தெரியும். அந்தக் கோடுதான் சுழியம். இரண்டு முனையும் சுழியத்தில் இருக்க வேண்டும்; அதோடு, இரண்டிலும் அலை ஒரே திசையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். முடிவில் மேலே ஏறும் அலை தொடக்கத்தில் கீழே இறங்கினால் ஒட்டு உடைந்தே கேட்கும். ஸ்டீரியோ பதிவில் இடமும் வலமும் ஒரே கணத்தில் சுழியத்தைத் தொடுவது அரிது. அங்கே இரு முனைகளிலும் இரண்டு மூன்று மில்லி விநாடிக்கு ஒலியளவில் ஏற்றமும் இறக்கமும் வைப்பது நல்லது.

தப்பு மேளத்துக்கு இது போதும். அடி விழுவதற்குச் சற்று முன், முந்தைய ஒலி அடங்கிய இடத்தில் வெட்டினால் வேலை முடிந்தது. உறுமி அப்படி விடாது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் அடங்குவதே இல்லை. சுருதியும் வழுக்கிக்கொண்டே போகும். சுழியத்தில் வெட்டினாலும் முனகலின் ஒரு பாதியும் இன்னொரு பாதியும் வேறு வேறு சுருதியில் மோதும். இங்கே கிராஸ்ஃபேட் வேண்டும், தமிழில் 'இழைப்பு' எனலாம்: முடிவு மங்க மங்கத் தொடக்கம் மேலெழும். முனகலுக்கு நூறு மில்லி விநாடிகூட வைக்கலாம். அதையே தப்புக்கு வைத்தால் அடியின் கூர்மை மழுங்கிவிடும். இழைப்பு வேண்டுமென்றால் வெட்டும்போதே இரு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக விட்டு வைக்க வேண்டும். ஒட்ட வெட்டிய துணுக்கில் இழைக்க எதுவும் மிஞ்சாது.

கடைசி அடியின் அதிர்வு எல்லையைத் தாண்டி நீளுமே, அந்த வாலை வீசிவிடக் கூடாது. தனியாக வெட்டி, துணுக்கின் தொடக்கத்தின் மேல் கலந்துவிட்டால் இரண்டாம் சுற்றிலிருந்து அது மேளக்காரர் நிற்காமல் அடிப்பது போலவே கேட்கும். முதல் சுற்றுக்கு மட்டும் வால் சேர்க்காத இன்னொரு பிரதியை வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், சேமிக்கும்போது வேவ் கோப்பாகவே சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்திலும் முடிவிலும் துளி மௌனம் சேர்ந்துகொள்ளும், ஒவ்வொரு சுற்றிலும் தாளம் ஒரு முறை விக்கும்.