அந்தச் சுவரை இடிக்கலாமா?

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் 1950களில் கட்டிய ‘ரேஞ்ச்’ எனும் ஒருதள வீட்டை இன்று வாங்குபவர் முதலில் பார்த்துவைப்பது சமையலறைச் சுவரை. அது போய்விட்டால் சமையலறை, சாப்பாட்டறை, வரவேற்பறை மூன்றும் ஒரே கூடமாகிவிடும். உடைப்பதற்கு அரை நாள் போதும். உடைக்கலாமா என்பதற்கான விடை சுவரில் கிடைக்காது. டார்ச் விளக்கோடு, கூரைக்கும் உட்கூரைக்கும் இடையிலுள்ள பரணில் ஏறிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக் கடனுக்கான உத்தரவாதத்தை 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. வீடுகள் தொழிற்சாலைப் பொருள்போல எழுந்தன. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட் நிறுவனம் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ரேஞ்ச் என்பது ஒரே தளம், தாழ்ந்த சரிவுக் கூரை, எட்டடி உயர அறைகள், ஒட்டியே கார் கொட்டகை. சுவர் என்றால் செங்கல் அல்ல. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரக்கட்டைகள், இருபுறமும் ஜிப்சம் பலகை. அந்தக் கட்டைக்கு ‘இரண்டுக்கு நான்கு’ என்று பெயர். இன்று கடையில் வாங்கி அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் தேறும். ஐம்பதுகளின் கட்டை இதைவிடச் சற்றுத் தடிமன். பழையதன் பக்கத்தில் புதியதை நட்டால் சுவர் மட்டம் சேராது. தச்சர்கள் சலித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இனி பரணுக்குப் போவோம். கூரையின் இருபுறமும் கைமரங்கள் சரிந்து இறங்குகின்றன. மேலே உள்ள பாரம் அவற்றைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. இரட்டை ஏணியை விரித்து அதன்மேல் ஏறினால் கால்கள் வழுக்கி விலகப் பார்க்கும் அல்லவா? நடுவில் கட்டிய கயிறு அதைத் தடுக்கும். வீட்டில் அந்தக் கயிற்றின் வேலையைச் செய்பவை, உட்கூரையைத் தாங்கும் விட்டங்கள். வீட்டின் முழு அகலத்துக்கும் ஒரே நீள மரம் கிடைப்பது அரிது. ஆகவே முன்சுவரிலிருந்து ஒரு விட்டமும் பின்சுவரிலிருந்து இன்னொன்றும் வந்து, நடுச்சுவரின் தலையில் ஒன்றையொன்று தழுவி ஆணியால் இணைகின்றன. பரணில் தேட வேண்டியது அந்தத் தழுவலைத்தான். இடிக்க நினைக்கும் சுவருக்கு நேர் மேலே அது தெரிந்தால், அந்தச் சுவர் பாரம் சுமக்கிறது. விட்டங்கள் சுவருக்கு இணையாக ஓடினால் அது பெரும்பாலும் வெறும் தடுப்பு. பெரும்பாலும்தான்; பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை சுத்தியலை எடுக்காமலிருப்பது நல்லது.

சில வீடுகளில் கைமரத்துக்குப் பதில் முக்கோணச் சட்டகங்கள் தெரியும். அவற்றை ட்ரஸ் என்பார்கள். பல் முளைத்த இரும்புத் தகட்டை மரத்தில் அழுத்திப் பொருத்தும் முறையை ஃப்ளோரிடாவில் கால்வின் ஜூரைட் 1955-இல் கொண்டுவந்த பிறகு இவை பெருகின. ட்ரஸ், வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரே தாவலாகத் தாவும். உள்சுவர்களைக் கேட்பதே இல்லை. அங்கே சுவரை எடுப்பது எளிது. ஆனால், உட்கூரையை உயர்த்துகிறேன் என்று ட்ரஸின் ஒரு குச்சியை வெட்டினாலும் முக்கோணம் செத்துப்போகும்.

பாரம் சுமக்கும் சுவரை எடுத்தாக வேண்டுமென்றால் அதன் இடத்தில் ஓர் உத்திரம் வர வேண்டும். இங்கேதான் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. அடிக்கு அடி ஒரே பாரம் சுமக்கும் உத்திரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், நடுவில் அதன் தொய்வு இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்காகிறது. பன்னிரண்டடியில் கண்ணுக்கே தெரியாத தொய்வு, இருபத்துநான்கு அடியில் உட்கூரையையே விரிசல் விடவைக்கும். நல்லவேளையாக, உத்திரத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும். அதனால்தான் மெல்லிய மரத்தாள்களை அடுக்கி ஒட்டிச் செய்த உத்திரங்களைப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். முதலில் இருபக்கமும் தற்காலிக முட்டு கொடுத்து விட்டங்களைத் தாங்கிப் பிடிப்பார்கள். பிறகே சுவர் போகும், உத்திரம் ஏறும்.

பலர் மறப்பது இதற்குப் பிறகுதான். சுவர் முழுக்கப் பரவியிருந்த பாரம் இப்போது உத்திரத்தின் இரண்டு நுனிகளில் குவிகிறது. நுனிக்கு அடியில் தூண், தூணுக்கு அடியில் அதைத் தாங்கும் அளவுக்கு அடித்தளம் வேண்டும். லெவிட் வீடுகளைப்போல மெல்லிய கான்கிரீட் தளத்தின்மேல் நேரே நிற்கும் வீடானால், அந்த இடத்தில் தளத்தை உடைத்துப் புதிய அடித்தளம் போட நேரலாம். அந்த வீடுகளில் தளத்துக்குள்ளேயே அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் ஓடின என்பதை உடைப்பதற்கு முன் நினைவில் வைக்க வேண்டும்.

தளங்கள் அரை மாடி ஏற்றத்தாழ்வில் அமைந்த ஸ்ப்ளிட் லெவல் வீட்டின் குணம் வேறு. நடுத்தளத்தில் சமையலறை, அரை மாடி ஏறினால் படுக்கையறைகள், அரை மாடி இறங்கினால் கார் கொட்டகை. சரிவு நிலத்துக்கு ஏற்ற வடிவம். தளங்கள் சந்திக்கும் சுவர் ஒருபுறம் மேல்தளத்தின் தரையையும் மறுபுறம் நடுத்தளத்தின் கூரையையும் தாங்குவது வழக்கம். அதைத் தொடாத திட்டமே சிக்கனமான திட்டம். அந்தச் சுவருக்குள் கட்டைகளுக்கு இடையிலான வெற்றிடம் சில வீடுகளில் நேரே பரணுக்குத் திறந்திருக்கும். குளிர்காலத்தில் வெப்பம் புகைபோக்கியில் போவதுபோல அதன் வழியே போய்விடும். வெப்பத்தைக் காக்க ஜன்னல் மாற்றுவதற்கு முன் அந்த இடைவெளியை அடைத்தால் குறைந்த செலவில் நிறையப் பலன் கிடைக்கும்.

பழைய ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். 1978-க்கு முந்தைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் எதையும் சுரண்டக் கூடாது.

எல்லாம் முடிந்து உத்திரம் நின்ற பிறகு, தரையில் ஒன்று பல்லிளிக்கும். சுவர்களை நிறுத்திய பிறகே அன்று ஓக் பலகை பாவினார்கள் என்பதால், சுவர் இருந்த இடம் நெடுக நாலைந்து அங்குல அகலத்துக்குப் பலகையே இருக்காது. இருபுறப் பலகைகளையும் ஆங்காங்கே வெட்டியெடுத்து, புதியவற்றைப் பின்னல்போலக் கோத்து அதை மூடுவார்கள். எழுபது வருடம் வெயில் குடித்துப் பழுத்த பலகைக்குப் பக்கத்தில் புதியது வெளிறித்தான் தெரியும். ஆகவே அந்த நாலைந்து அங்குல இடைவெளிக்காக வீட்டுத் தரை முழுவதையும் இழைத்து மெருகேற்ற வேண்டிவரும்.