கடலை மிட்டாய்: வெல்லம் கண்ணாடியாகும் கதை

நான் முதன்முதலில் செய்த கடலை மிட்டாயை ஸ்பூனால் வழித்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை செய்தது கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொண்டு சாயங்காலம் வரை இறங்கவில்லை. மூன்றாவது முறை கசந்தது. மூன்று முறையும் அதே கடலை, அதே வெல்லம், அதே வாணலி. இறக்கிய நேரம்தான் வேறு, அதுவும் ஓரிரு நிமிஷம் முன்பின்.

பாகு காய்ச்சுவது என்பது தண்ணீரை விரட்டுகிற வேலை. வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்தால் கொதிநிலை ஏறும். சர்க்கரையும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் சுமார் 102 டிகிரி. நூற்றில் 80 பங்கு சர்க்கரை என்றால் 112, 90 பங்கு என்றால் 123, 95 பங்கு என்றால் 140. இது வெள்ளைச் சர்க்கரைக்கான கணக்கு. வெல்லத்துக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இதைக் கிராமில் போட்டுப் பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். 100 கிராம் சர்க்கரையும் 100 கிராம் தண்ணீரும் அடுப்பில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் 75 கிராம் தண்ணீர் ஆவியாகும் வரை சூடு பத்து டிகிரிதான் ஏறுகிறது. ஆனால் 90 பங்கிலிருந்து 95 பங்குக்குப் போக ஆவியாக வேண்டியது ஏறக்குறைய 6 கிராம்தான், அதற்குள் 17 டிகிரி ஏறிவிடுகிறது. பத்து நிமிஷம் சாதுவாகக் கொதித்த பாகு, போனை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கருகுவது இதனால்தான். வெல்லத்தைக் கரைத்து மண்ணை வடிகட்டத் தண்ணீர் வேண்டும். ஆனால் அரை டம்ளர் கூடுதலாக ஊற்றினால் அவ்வளவையும் நாமேதான் விரட்டியாக வேண்டும்.

சரி, தண்ணீர் போனால் ஏன் ஒடிகிறது? கற்கண்டில் சர்க்கரை மூலக்கூறுகள் காலைப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. அது படிகம். கடலை மிட்டாயின் பாகில் நடப்பது 'ஸ்டேச்சு' விளையாட்டு. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிய கோலத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வரிசை கட்ட நேரம் கிடைப்பதற்குள் சூடு இறங்கிவிடுவதால் இப்படி ஆகிறது. ஜன்னல் கண்ணாடியும் இதே வகைதான். அதனால்தான் இரண்டும் ஒரே மாதிரி உடைகின்றன.

தண்ணீர் துளியும் இல்லாத சர்க்கரைக் கண்ணாடி 60 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். உள்ளே தங்கிய தண்ணீர் மூலக்கூறுகளுக்கு இடையே எண்ணெய் மாதிரி வேலை செய்து, அந்த அளவைக் கீழே இழுக்கிறது. சில சதவீதம் தங்கினாலே போதும், நம் ஊர் வெயிலில் மிட்டாய் ஜவ்வாகிவிடும். என் இரண்டாவது முயற்சியின் கதை அதுதான்.

வெல்லத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் கலந்தே இருக்கின்றன. இவை குறுக்கே நின்று, சர்க்கரையை வரிசை கட்ட விடுவதில்லை. வெள்ளைச் சர்க்கரையில் செய்கிறவர்கள் பாகு பூத்து மணல்மணலாகிவிட்டது என்று புலம்புவார்கள். வெல்லத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இவையும் அளவோடு இருக்க வேண்டும். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் போட்டு வைத்து ஆட்டினால், அதிலுள்ள சர்க்கரை உடைந்து இந்த இரண்டும் பெருகிவிடும். அந்த வெல்லத்தை எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டிப்படாது. மளிகைக் கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குவது வெறும் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தெர்மாமீட்டர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நினைத்தேன். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, கரண்டி நுனியிலிருந்து பாகை ஒரு சொட்டு விட்டார். அது தட்டையாகப் பரவியது. இன்னும் கொஞ்சம் கழித்து விட்ட சொட்டு விரலில் உருண்டது. "இது அதிரசத்துக்கு. நமக்கு இன்னும் வேணும்." அடுத்த சொட்டு நூலாக இழுபட்டது. அதற்கு அடுத்ததை எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டார். டங்! "இப்ப அடுப்பை அணை."

வெல்லத்துக்கு வெல்லம் கலவை மாறும்போது, 140 என்கிற ஒரே எண் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கிண்ணத்துத் தண்ணீர் பாகை நொடியில் குளிரவைத்து, ஆறியபின் மிட்டாய் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. நமக்குத் தெரிய வேண்டியதும் அதுதானே.

கடலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புவிசார் குறியீடு 2020இல் கிடைத்த கோவில்பட்டி மிட்டாய்க்குப் பெயர் வாங்கித் தந்ததில் கரிசல் மண்ணில் விளைந்த கடலைக்குப் பெரிய பங்கு உண்டு. (தாவரவியலில் இது கொட்டையே இல்லை, துவரை உளுந்தின் சொந்தக்காரன். மணிலாக் கொட்டை, மல்லாட்டை என்று நாம் கூப்பிடுவதை அது பொருட்படுத்துவதில்லை.) வறுக்கும்போது ஈரம் போய் மொறுமொறுப்பு வருகிறது, புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து அந்த மணத்தைக் கிளப்புகின்றன. தோல் நீக்கி, இரண்டாக உடைத்து, வெதுவெதுப்பாகவே பாகில் கொட்ட வேண்டும். ஆறிய கடலையைப் போட்டால் பாகு அந்த இடத்திலேயே இறுகி, கிளற வராது.

பிறகு நெய் தடவிய பலகையில் கொட்டி, பூரிக்கட்டையால் தேய்க்க வேண்டும். பாகு கையில் பட்டால் கொதிநீரைவிட மோசம், ஒட்டிக்கொண்டே சுடும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கத்தியால் கோடு போட இரண்டு மூன்று நிமிஷம்தான் கிடைக்கும். அதற்கு முன் போட்டால் கோடு மூடிக்கொள்ளும், அப்புறம் போட்டால் கண்டபடி உடையும்.

ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் திறந்து வைத்தால், அடுப்பில் நின்று விரட்டிய தண்ணீரை அது காற்றிலிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் மறுநாள் காலை தட்டில் மிச்சமிருந்த நாலு துண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே துண்டாகியிருந்தன.