பழைய மர மில்லில் வேலை பார்த்தவரா? மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு ஏறும் பகுதியில் பழைய மர மில்களை இன்றும் அடையாளம் கண்டுபிடிக்கலாம். துருப்பிடித்த தகரக் கூரை, தடியைத் தள்ளிக்கொண்டு போன டிராலியின் தண்டவாளம், மெஷின் உட்கார்ந்திருந்த சிமென்ட் மேடை, மழையில் ஊறிக் கறுத்துப்போன மரத்தூள் மேடு. முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் செங்கோட்டை. கொல்லம் ரயில் பாதை 1904-லேயே வந்துவிட்டது. மேற்கே விளைந்த மரமும் கிழக்கே மரம் தேடியவர்களும் சந்தித்துக்கொண்ட இடம்.

காது மூக்கு தொண்டை மருத்துவராக இந்தப் பக்கம் வேலை பார்க்கும் எனக்கு, அந்த மில்களின் மிச்சம் மனிதர்களிடம்தான் அதிகம் தெரிகிறது. மில்லை மூடிப் பல வருடம் ஆகியிருக்கும். ரம்பம் பிடித்தவர் இப்போது பெட்டிக்கடை வைத்திருப்பார், அல்லது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வருவார். ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கும். முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று நாங்களும் பல நேரம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

காதில் இருந்து தொடங்குகிறேன். "பேசுறது கேக்குது டாக்டர், என்ன பேசுதாகன்னுதான் வெளங்கல." மில்லில் இருந்தவர்களிடம் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்கிறேன். வட்ட ரம்பம் ஓடும்போது பக்கத்தில் 100 டெசிபல் வரை சத்தம் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 என்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான் நிற்கலாம். நம் ஆட்கள் காலை முதல் மாலை வரை நின்றார்கள். இந்தச் சத்தம் முதலில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து, அதாவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறனைத் தின்கிறது. கேட்கும் திறனைச் சோதித்து வரையும் ஆடியோகிராமில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளம் விழுந்து மறுபடி ஏறும். வயதாக ஆக மற்ற பக்கமும் இறங்கி அந்தப் பள்ளம் மறைந்துவிடும். 'வயசானா அப்படித்தான்' என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஒரு பெரியவரைப் பேத்தி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை வருடமாகக் காது மந்தம் என்று கேட்டேன். வாயால் சொல்லாமல் விரல்களை மடக்கிக் காட்டினார். "தாத்தா எதுக்கெடுத்தாலும் கையத்தான் காட்டுவாக" என்றாள் பேத்தி. "மில்லுல இருந்தீங்களா ஐயா?" என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். ரம்பம் ஓடும் இடத்தில் குரல் எடுபடாது. இரண்டு விரல் காட்டினால் இரண்டு அங்குலப் பலகை, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. வேலை போன பிறகும் அந்தப் பழக்கம் அவர் கையில் இருந்தது. செத்துப்போன காது நரம்பு திரும்பாது. ஆனால் காதுகேள் கருவி நன்றாக உதவும். இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்குக் குறை இருந்தால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருவார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

மூக்கு விஷயம் அரிதானது, ஆனால் இன்னும் கவலைக்குரியது. 1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற ஊரில், மேசை நாற்காலி செய்யும் தொழிலாளர்களுக்கு மூக்கின் உள்ளே ஒருவகைப் புற்றுநோய் வழக்கத்துக்கு மிஞ்சி வருவதை எஸ்மே ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் கவனித்தார். 1968-ல் அவரும் சக ஆய்வாளர்களும் அதை வெளியிட்டார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ல் மரத்தூளை, மனிதனுக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியது. தூள் பட்ட காலத்துக்கும் நோய் தெரியும் காலத்துக்கும் நடுவே பெரும்பாலும் பல பத்தாண்டு இடைவெளி இருக்கும். இப்போது அறுபது, எழுபது வயதில் இருக்கும் பழைய மில் ஆட்களை நான் நினைப்பது அதனால்தான்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மில்லில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது வராது. ஈரத் தடியை அறுக்கும்போது விழும் தூள் பருமனானது. அதில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். காய்ந்த தேக்கு, ஈட்டி, பழைய வீட்டு உத்தரம் இவற்றை அறுப்பதும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும்தான் மூக்கில் ஆழமாகப் படியும் நைஸ் தூளைக் கிளப்பும். ஆகவே மில்லோடு சேர்ந்த பட்டறையில் இருந்த ஆசாரிமார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்? ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு. ஒரே துவாரத்தில் மறுபடி மறுபடி ரத்தம். வாசனை போவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது. இரண்டு பக்கமும் மாறி மாறி அடைத்தால் பெரும்பாலும் அலர்ஜிதான். ஒரே பக்கம் என்றால் சொட்டு மருந்திலும் ஆவியிலும் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். மூக்குப்பொடி போடும் பெரியவர்கள் பழியைப் பொடி மேல் போட்டுவிட்டு வராமலே இருந்துவிடுகிறார்கள். 'சதை வளர்ச்சி' என்று சொன்னாலும் மூக்குக்குள் மெல்லிய கேமரா குழாய் விடும் எண்டோஸ்கோப்பியில் பார்த்து, தேவைப்பட்டால் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சீக்கிரம் பிடித்தால் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் நல்ல பலன் தரும். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லை தாண்டினால் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்ற மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது.

அங்கெல்லாம் போனால் 'எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை பார்த்தீர்கள்' என்று கேட்டால், காட்டத்தான் நம்மிடம் தாள் இல்லை. நீலகிரியின் கூடலூர் காடுகளுக்காக நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் காட்டுக்குள் அனுமதியின்றி நடந்த மர மில்களை நிறுத்தச் சொன்னது. பிறகு உரிமம் இல்லாத மில்கள் மீதும் கட்டுப்பாடு இறுகியது. மலைக்கு அது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மில்லை மூடும்போது தொழிலாளியின் கணக்கை யாரும் எடுத்து வைக்கவில்லை. பத்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்த மில்களுக்கு அன்று பொதுவாகத் தொழிற்சாலைச் சட்டமும் இருக்கவில்லை, ஈ.எஸ்.ஐ.யும் இருக்கவில்லை. யார் எத்தனை வருடம் என்ன மரம் அறுத்தார் என்பது இன்று அவரவர் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

அந்த ஞாபகத்தை இப்போதே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வையுங்கள். எந்த ஊர் மில், எந்த வருடம் முதல் எதுவரை, ரம்பமா, தடி ஏற்றியதா, தூள் அள்ளியதா, பெரும்பாலும் என்ன மரம். கூட வேலை பார்த்தவர் பெயர் தெரிந்தால் அதுவும். வீட்டுப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். சாக்கில் மரத்தூள் வாங்கிவந்து, தகர டின்னில் நடுவே பாட்டிலை நிறுத்தித் தூளை இடித்து இறுக்கி, மரத்தூள் அடுப்பில் வருடக்கணக்காகச் சமைத்தவர்கள் அவர்கள். தூளும் புகையும் அவர்கள் நெஞ்சுக்கும் போயிருக்கிறது. இழுப்போ நாள்பட்ட இருமலோ இருந்தால் அந்த அடுப்பைப் பற்றியும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்றும் ஓடும் மில்களில் இருப்பவர்களுக்கு: முகத்தில் கட்டும் துண்டு நைஸ் தூளை நிறுத்தாது, என்95 மாஸ்க் வேண்டும். சட்டையில் ஒட்டிய தூளைக் காற்றுக் குழாய் வைத்து ஊதாதீர்கள். அது தூளை நேராக மூக்கு உயரத்துக்குக் கிளப்பும். பஞ்சு வைத்தால் காது தப்பாது, காதை மூடும் இயர்மஃப் போடுங்கள். அப்புறம், வேலைக்குச் சேர்ந்த வருடமே ஒரு ஆடியோகிராம் எடுத்து அந்தத் தாளோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.