விழுகிற பக்கமே திருப்பு

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் அக்கா மகளுக்குச் சைக்கிள் பழக்கினேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட்டம். "மாமா, விட்டுடாதீங்க" என்று அவள் கத்தியபோது, நான் விட்டு ஐந்தாறு விநாடி ஆகியிருந்தது.

அந்த ஐந்தாறு விநாடியில் நடந்ததுதான் விஷயம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அவளும் ஹேண்டில்பாரை இடப்பக்கமே திருப்பினாள். சக்கரங்கள் சாய்கிற உடம்புக்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டன. விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி வைக்கும்போது, அது சாயும் பக்கமே கையை நகர்த்துகிறோமே, அதே கணக்கு. பயத்தில் எதிர்ப்பக்கம் திருப்பினால் முழங்கால் சிராய்ப்புதான்.

சரி, ஆளே இல்லாமல் வேகமாகத் தள்ளிவிட்ட சைக்கிளும் கொஞ்ச தூரம் விழாமல் போகிறதே, அதன் ஹேண்டில்பாரை யார் திருப்புகிறார்கள்?

சுழலும் சக்கரம் பம்பரம் மாதிரி நிற்கும் என்பார்கள். பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் இதைச் சோதித்து 1970-இல் கட்டுரை எழுதினார். முன்சக்கரத்தின் பக்கத்தில் தரையைத் தொடாத இன்னொரு சக்கரத்தை மாட்டி, எதிர்த்திசையில் சுழலவிட்டார். பம்பர விளைவு அடிபட்டுப் போயிற்று. ஆனாலும் அந்த வண்டியை அவரால் ஓட்ட முடிந்தது.

அடுத்த சந்தேகம், முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க் மேல். அதன் சாய்வை மேலிருந்து தரைவரை ஒரு நேர்கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். அதனால் டயர் எப்போதும் பின்னால் இழுபட்டு வருகிறது. நின்றிருக்கும் சைக்கிளைச் சீட்டைப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். முன்சக்கரம் தானாக அந்தப் பக்கமே மடங்கும்.

இதுவே முழு விடையா என்றால், அதுவும் இல்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இரண்டு வசதியும் இல்லாத ஒரு வண்டியைச் செய்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையை எங்கே வைப்பது என்று மட்டும் கவனித்துச் செய்திருந்தார்கள். தள்ளிவிட்டால் அதுவும் நிமிர்ந்தே ஓடியது! காரணம் ஒன்றல்ல, பல கூட்டாளிகள். எல்லோருக்கும் வேலை ஒன்றுதான், சாயும் பக்கம் சக்கரத்தைத் திருப்புவது.

எனக்குப் பிடித்த வேடிக்கை இன்னொன்று. வலப்பக்கம் வளைய, முதலில் துளியூண்டு இடப்பக்கம் திருப்புகிறோம். அப்போதுதான் உடம்பு வலப்பக்கம் சாயும், அப்புறம்தான் திருப்பம். புதுச்சேரியில் நடைபாதை விளிம்பை உரசிக்கொண்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் விலகுவது எவ்வளவு கஷ்டம் என்று. இடப்பக்கம் திருப்ப இடமே இருக்காது. இத்தனை வருஷமாகச் செய்கிறோம், செய்வது நமக்கே தெரியாது. கைக்குத் தெரிந்தது மண்டைக்கு எட்டுவதில்லை.

அன்று ஈர மண்ணில் அவள் ஓட்டிய தடத்தைப் பார்த்தேன். பின்சக்கரக் கோடு ஓரளவு நேர். முன்சக்கரக் கோடு அதை வெட்டி வெட்டி, சிக்குக் கோலம் மாதிரி. ஒரு சுற்று நானும் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தேன். என் தடத்திலும் அதே பின்னல்தான், வளைவு மட்டும் சின்னது.