அமெரிக்காக்காரன் சுடுறான், எங்கட சனல் ஏன் போகுது?

மட்டக்களப்பு கல்லடியில் வீடியோ எடிட் செய்கிற சின்னக் கடை என்னுடையது. கலியாணம், கோயில் திருவிழா, இப்போது கூடுதலாக யூடியூப் சனல்களைப் பார்த்துக் கொடுக்கிற வேலை. அண்மைக்காலமாக "சனலுக்கு அடிச்சிட்டான் அண்ணே" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் துவக்கு வீடியோக்காரர்கள். வயல் காவலுக்கு வைத்த சொட்கன், ஏர் ரைபிள், குழல் வாயால் மருந்து இடித்து நிரப்புகிற அப்பப்பா காலத்து இடியன் துவக்கு. கடைசியாக வந்த தம்பி வெல்லாவெளிப் பக்கம். இடியன் வீடியோதான் அவருடைய சனலில் ஆகக் கூடுதலாக ஓடியதாம். இப்போது அது இல்லை.

கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "அமெரிக்காக்காரன் மெஷின்கன்னால சுடுறான், அவனுக்கு ஒண்டும் இல்ல. எங்களுக்கு மட்டும் ஏன்?" பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள்: யாரோ எரிச்சலில் ரிப்போர்ட் அடித்துவிட்டான்.

ரிப்போர்ட் அடித்தால் யூடியூப் அந்த வீடியோவைப் பார்க்கும். எத்தனை பேர் அடித்தார்கள் என்ற எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காக்காரனுக்கு ஒன்றும் இல்லை என்று யார் சொன்னது? 2018 மார்ச்சில் யூடியூப் விதியை இறுக்கியபோது, 'இன்ரேஞ்ச் டிவி' என்ற துவக்குச் சனல் தன் வீடியோக்களை ஆபாசத் தளம் ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டது. அவ்வளவு நெருக்கடி. 2024 ஜூன் 18 முதல் இன்னும் இறுக்கம். தானியங்கித் துவக்கு, வீட்டில் செய்த துவக்கு, சில வகைத் துணைப் பாகங்கள் ஆகியவற்றைப் பாவித்துக் காட்டினால் 18 வயதுப் பூட்டு. பாதுகாப்புப் பாகத்தைக் கழற்றும் விதம் காட்டினால் வீடியோவே போகும். நீங்கள் பார்க்கிற மெஷின்கன் வீடியோ அந்தப் பூட்டுக்குள்தான் கிடக்கிறது. பூட்டு விழுந்த வீடியோவை லொகின் செய்யாதவன் பார்க்க முடியாது, வேறு தளங்களிலும் பெரும்பாலும் ஓடாது, விளம்பரக் காசும் சுருங்கும். 'ஃபொர்கொட்டன் வெப்பன்ஸ்' நடத்துகிற இயன் மெக்கொலம் பழைய துவக்கைக் கழற்றி, யார் செய்தது, எந்த யுத்தத்தில் பாவித்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று சரித்திரம் சொல்கிறார். வீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்லித் தருவதில்லை.

அதைத்தான் விளங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். வீடியோவில் துவக்கு தெரிவது குற்றமில்லை. பார்த்தவன் அதை வைத்து ஒரு துவக்கை வாங்கலாமா, செய்யலாமா, மாற்றலாமா என்பதுதான் கேள்வி. வெல்லாவெளித் தம்பி அந்த இடியனைத் துடைத்துக் காட்டி, அப்பப்பாவின் கதையைச் சொல்லி நிறுத்தியிருந்தால் வயதுப் பூட்டோடு போயிருக்கலாம். அவர் மருந்து இவ்வளவு, ஈயம் இப்படி என்று பாடம் எடுத்திருக்கிறார். கீழே போன் நம்பர் வேறு! வாங்க விருப்பமானவர்கள் கதைக்கட்டுமாம்.

லைவில் துவக்கைக் கையில் எடுக்கவே வேண்டாம். நேரலையில் துவக்கு பிடிப்பதற்கோ கொண்டு திரிவதற்கோ யூடியூப் இடம் கொடுப்பதில்லை, லைசன்ஸ் இருந்தாலும் சரி.

முதல் பிழைக்குப் பொதுவாக எச்சரிக்கை மட்டும். பிறகு ஸ்ட்ரைக், அதாவது சனல் மேல் விழுகிற தண்டனைக் குறி. முதலாவதுக்கு 1 கிழமை, இரண்டாவதுக்கு 2 கிழமை அப்லோட் இல்லை. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சனல் முடிந்தது. வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் போய்விடும் என்று இரவோடிரவாக அழித்துவிட்டு வருகிறார்கள். போகாது. தங்கச்சியின் பெயரில் இன்னொரு சனல் திறந்து அதில் போடுகிற கெட்டித்தனமும் வேண்டாம், அதையும் சேர்த்துத் தூக்குவான்.

இவ்வளவும் யூடியூப் கதை. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. லைசன்ஸ் இல்லாத இடியனை வைத்துக்கொண்டு உங்கள் முகம், உங்கள் குரல், பின்னால் உங்கள் வளவு எல்லாம் தெரிய வீடியோ போடுகிறீர்கள். பொலிசுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நான் சட்டத்தரணி இல்லை, ஆனால் இதை விளங்கச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை.

மிருகம் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கு வீடியோவைக் கொண்டு வராதீர்கள். பன்றிக்கு என்று கட்டுகிறீர்கள், விறகுக்குப் போகிறவனின் கால்தான் போகிறது. எவ்வளவு காசு தந்தாலும் அதை நான் தொட மாட்டேன்.

மற்றதுகளை அப்லோட் பண்ண முதல் ஒருக்கால் காட்டுங்கள் தம்பிமாரே. பார்த்துச் சொல்வதற்கு நான் காசு எடுப்பதில்லை.