நியூ ஜெர்சியில் பெயர்ப்பலகை, பார்க்கிங், வேலி: வேரியன்ஸ் கேட்கப் போகிறவர்களுக்கு

லீஸில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நம்மவர்களில் பலர் சோனிங் விதியை, அதாவது எந்த இடத்தில் எதை, எப்படி வைக்கலாம் என்ற டவுன் விதியைத் தேடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, ட்ரை கிளீனிங் கடை இருந்த இடத்தைத் தோசைக் கடைக்கு எடுத்தார்கள். "அதுவும் கடை, இதுவும் கடை, என்ன அண்ணா வித்தியாசம்? டவுன்ல நமக்கு ஆள் இருக்கு" என்றார் இடம் காட்டிய ஏஜென்ட். வித்தியாசம் பார்க்கிங்கில் இருந்தது. சாதாரணக் கடைக்குச் சதுர அடிக் கணக்கு, உணவகத்துக்கு நாற்காலிக் கணக்கு. அந்த வளாகத்தில் அத்தனை கார் நிற்காது. கிரைண்டர் வந்த பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்னணி இவ்வளவுதான். மாநிலம் முழுக்க 1975-ஆம் ஆண்டின் முனிசிபல் லேண்ட் யூஸ் சட்டம். பலகை எத்தனை சதுர அடி, எத்தனை கார், வேலி எத்தனை அடி என்பதை ஒவ்வொரு டவுனும் தன் ஆர்டினன்ஸில் (உள்ளூர்ச் சட்டத்தில்) தானே எழுதிக்கொள்கிறது. அதனால் பக்கத்து டவுனில் மச்சான் வைத்த பலகை இங்கே செல்லாது. அந்த விதியிலிருந்து உங்கள் மனைக்கு மட்டும் கேட்கும் விலக்குதான் வேரியன்ஸ். பெரும்பாலும் சோனிங் போர்டு என்ற டவுன் குழுதான் அதைத் தீர்மானிக்கும்.

லீஸுக்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. "சோனிங் அனுமதி கிடைக்காவிட்டால் லீஸ் ரத்து, அட்வான்ஸ் திரும்ப வேண்டும்" என்று ஒரு ஷரத்தை வக்கீலிடம் சொல்லி லீஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, அந்த முகவரிக்கு முன்பு போர்டு போட்ட தீர்மானங்கள் ஏதாவது உண்டா என்று டவுன் கிளார்க்கிடம் ஓப்ரா (அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கும்) மனு போடுங்கள். வேரியன்ஸ் ஆளோடு போவதில்லை, மனையோடு தங்கிவிடும்; அதற்குப் போட்ட நிபந்தனையும் அப்படித்தான். "பார்சல் மட்டும், உட்கார்ந்து சாப்பிட இடமில்லை" என்று முந்தைய வாடகைதாரர் ஒப்புக்கொண்டிருந்தால் அது உங்களையும் கட்டும். கட்டட உரிமையாளர் சொத்து வரி பாக்கி வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பல டவுன்களில் வரி பாக்கி இருந்தால் விண்ணப்பம் நகராது. பாக்கி அவருடையது, தவிக்கப்போவது நீங்கள்.

கவுன்டரில் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். "ஓகே, போட்டுக்கோங்க" என்று சொன்னவர் அடுத்த வாரம் லீவில் இருப்பார். வந்திருப்பவர் வேறு சொல்வார். சோனிங் பர்மிட் விண்ணப்பம் கொடுங்கள், மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். அதிகாரி விதியைத் தப்பாகப் படித்திருக்கிறார் என்று தோன்றினால் போர்டிடம் அப்பீல் செய்ய 20 நாள்தான் உண்டு. அந்தக் கெடுவைக் கவுன்டரில் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

வேரியன்ஸ் விண்ணப்பம் கடையின் எல்எல்சி (தனி நிறுவனம்) பெயரில் இருந்தால் போர்டு முன் நீங்களே போய்ப் பேச முடியாது, வக்கீல் வேண்டும். ஒரே உரிமையாளர் நீங்களே என்றாலும் அதே கதைதான். இது தெரியாமல் ஹியரிங் (போர்டின் பொது விசாரணை) நடக்கும் இரவில் குடும்பத்தோடு வந்து காத்திருந்து, தங்கள் முறை வந்ததும் "அட்டர்னி எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபாரம் வாங்கிய ஊழியர் முதல் பக்கத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்தது செக்லிஸ்ட், அதாவது விண்ணப்பத்தோடு என்னென்ன தர வேண்டும் என்ற பட்டியல். ஒரு பலகைக்கு மழைநீர் வடிகால் கணக்கு வரை கேட்கும் டவுன்கள் உண்டு. பொருந்தாத உருப்படிகளுக்கு 'வெய்வர்' (அதைத் தர வேண்டியதில்லை என்ற சலுகை) தரும்படி எழுதிக் கேளுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. விண்ணப்பம் முழுமையாக இல்லை என்றால் 45 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முழுமை என்றே கொள்ளப்படும். அதற்குப் பிறகு முடிவெடுக்கப் போர்டுக்கு 120 நாள். நடுவில் "கால நீட்டிப்புக்குச் சம்மதம்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். படித்துப் பார்த்து, தேதி எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் போக எஸ்க்ரோ என்று இன்னொரு காசோலை கேட்பார்கள். டவுனின் இன்ஜினியரும் பிளானரும் உங்கள் ஃபைலைப் பார்க்கும் நேரத்துக்கு அதிலிருந்துதான் பணம் எடுப்பார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் நகல் கேட்டு வாங்குங்கள். பில் தப்பு என்றால், நகல் கையில் வந்த 45 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிச்சப் பணத்தைக் கேளுங்கள், கேட்காதவர்களின் பணம் அங்கேயே தூங்கும்.

அதிகம் பேர் சறுக்குவது நோட்டீஸில். உங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் சொத்து உரிமையாளர் அனைவருக்கும், ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்பு, நேரிலோ சர்டிஃபைட் மெயிலிலோ நோட்டீஸ் போக வேண்டும். பட்டியலை நீங்களே கூகுள் மேப்பைப் பார்த்துத் தயாரிக்காதீர்கள். டவுன் தரும் அதிகாரப்பூர்வப் பட்டியலை வாங்குங்கள். ஒரு பெயருக்கு 25 சென்ட் அல்லது மொத்தம் 10 டாலர், எது அதிகமோ அதற்கு மேல் கேட்கக் கூடாது, 7 நாளில் தர வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தால் பழி உங்கள் மேல் வராது. நீங்களே போட்ட பட்டியலில் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. கவுன்டி சாலையை ஒட்டிய மனை என்றால் கவுன்டிக்கும், மாநில நெடுஞ்சாலை என்றால் போக்குவரத்துத் துறைக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

பொது அறிவிப்பும் வெளியாக வேண்டும். எங்கே வெளியிட வேண்டும் என்று போர்டு செயலாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். அதில் என்ன கேட்கிறீர்கள் என்பது பாமரருக்கும் புரிய வேண்டும். லேசி டவுன்ஷிப்பில் ஒரு கேமார்ட் கடை வளாகத்தை "வணிக மனைகள்" என்று மூடி மறைத்து அறிவித்தார்கள். அந்த நோட்டீஸ் போதாது என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. "சுவர்ப் பலகை, விதி 30 சதுர அடி, கேட்பது 48" என்று நேராக எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

ஹியரிங்கில் என்ன பேசுவது? "கடன் வாங்கிப் போட்டிருக்கோம், பிள்ளைங்க காலேஜ்ல படிக்குது" என்று ஆரம்பித்தால் போர்டு தலையாட்டும், ஓட்டுப் போடாது. கஷ்டம் மனைக்கு இருக்க வேண்டும்: குறுகலான வடிவம், ஆழம் இல்லாமை, சரிவு, ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தின் அமைப்பு. நார்த் கால்டுவெல்லில் குறுகிய மனையில் நீச்சல் குளத்துக்குக் கொடுத்த விலக்கை மாநில உச்ச நீதிமன்றம் 1999-இல் இந்த அடிப்படையில்தான் நிலைநிறுத்தியது. நீங்களே இழுத்துக்கொண்ட கஷ்டம் செல்லாது. பலகையை முதலில் மாட்டிவிட்டு "செலவாகிவிட்டதே" என்பது அந்த வகை. இன்னொரு வழி, விலக்கால் ஊருக்கு வரும் நன்மை கெடுதலைவிடத் தெளிவாக அதிகம் என்று காட்டுவது. 'கட்டடம் சாலையிலிருந்து தள்ளி இருக்கிறது, சின்ன எழுத்தைத் தேடிக் கார்கள் திடீரென்று பிரேக் போடுகின்றன' என்று நாலு புகைப்படத்தோடு சொன்னால் காது கொடுப்பார்கள்.

பார்க்கிங்குக்கு ஒரு வழியை யாரும் சொல்வதில்லை. 2021 சட்டப்படி, மின்சாரக் கார் சார்ஜர் உள்ள இடம், அல்லது சார்ஜருக்குத் தயாராக ஒயரிங் செய்த இடம், ஒன்றை இரண்டாகக் கணக்கிட வேண்டும். மொத்தத்தில் 10 சதவீதம் வரை குறைக்கலாம். 20 இடம் தேவை என்றால் 18 போதும். சில சமயம் வேரியன்ஸே வேண்டியிருக்காது.

வேலிக்கு வந்தால், மூலை மனை வாங்கியவர்கள் கவனியுங்கள். பல டவுன்களில் இரண்டு தெருவைப் பார்த்த பக்கமும் முன்புறம் என்றே கணக்கு. நீங்கள் கொல்லை என்று நினைத்து ஆறடி வினைல் வேலி போட்டது அவர்கள் கணக்கில் வீட்டு முன்வாசல். வேலி போடுகிற கம்பெனி கேட்காது, போட்டுவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

போர்டு உறுப்பினர் கோவிலில் தெரிந்தவராக இருந்தாலும் முன்கூட்டி ஒரு வார்த்தை போடாதீர்கள். அவர் விலக வேண்டிவரும், உங்களுக்கு விழ வேண்டிய ஓட்டும் போகும். பக்கத்து வீட்டாரிடம் கையெழுத்து வேட்டையும் வீண். அவர்கள் நேரில் வந்து பேசினால்தான் மதிப்பு.

பலகை, பார்க்கிங், வேலிக்குப் பெரும்பாலும் வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதும். அந்தப் பகுதியில் அனுமதிக்கப்படாத தொழிலுக்கே விலக்கு கேட்டால் ஐந்து ஓட்டு வேண்டும். அன்றைக்கு ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒருவர் முகம் சுளித்தாலும் போச்சு. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள்.

ஓட்டு விழுந்த இரவே பலகைக்காரருக்கு போன் போடாதீர்கள். எழுத்துத் தீர்மானம் 45 நாளுக்குள் நிறைவேற வேண்டும். அதன் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து, எதிர்ப்பவர்கள் வழக்குப் போட இன்னொரு 45 நாள். அறிவிப்பை டவுன் இழுத்தடித்தால் அந்தக் கணக்கு ஓடவே ஆரம்பிக்காது. விண்ணப்பதாரரே அதை வெளியிடலாம்; தீர்மானம் கைக்கு வந்த வாரமே செய்துவிடுங்கள்.